எதிர்ப்பு ரகத்திலும் இலைச்சுருள்: இரண்டு வைரஸ்கள் கலந்துவிட்டனவா?

கேள்வி:

தக்காளி சாகுபடி செய்கிறேன். இலைச்சுருள் வைரஸுக்கு எதிர்ப்புத்திறன் உள்ளது என்று சொல்லப்பட்ட ரகத்தைச் சில பருவங்களாக நட்டு வருகிறேன். முதலில் நன்றாகவே இருந்தது. இந்த முறை பூக்கும் முன்பே பல செடிகளில் நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருண்டுவிட்டன. பக்கத்திலேயே எதிர்ப்பு இல்லாத ரகமும் கொஞ்சம் இருக்கிறது. போன பயிரின் செடிகள் சிலவும் ஓரத்தில் நிற்கின்றன. இன்னும் காய்க்கிறதே என்று விட்டுவைத்தேன். ஆய்வகத்துக்கு இலை அனுப்பியதில் 'வழக்கமான இலைச்சுருள் வைரஸ்தான்' என்று முடிவு வந்தது. ஆனால் வேளாண்மை படித்த உறவினர் ஒருவர், 'இரண்டு வைரஸ் கலந்து புதிதாக ஒன்று பிறந்திருக்கும், இனி எந்த ரகமும் நிற்காது' என்கிறார். இப்படி நடக்குமா? நடந்திருந்தால் ஆய்வகம் ஏன் கண்டுபிடிக்கவில்லை? ரகத்தைக் கைவிட வேண்டுமா, மருந்தை இரட்டிப்பாக அடித்தால் போதுமா? மரபணு மாற்றுப் பயிர்களால்தான் புது வைரஸ்கள் வருகின்றன என்றும் படித்தேன். கடைசியாக, நன்றாக இருக்கும் செடிகளிலிருந்து விதை எடுத்து வைக்கலாமா?

பதில்:

வணக்கம். உங்கள் உறவினர் சொன்னதில் முதல் பாதி சரி. தாவர வைரஸ்கள் ஒன்றோடொன்று கலக்கும், அதிலிருந்து புதிய வைரஸ் பிறக்கும், அது பெரிய கொள்ளைநோயாகப் பரவியதும் உண்டு. 'இனி எந்த ரகமும் நிற்காது' என்ற இரண்டாம் பாதி மிகை. உங்கள் வயலில் நடந்தது அதுதானா என்று ஒரு வரி ஆய்வக முடிவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது: ஓரத்தில் விட்டுவைத்த பழைய செடிகள். கலப்பு நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும் அவைதான் முதலில் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

வைரஸ் மாறுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பிறழ்வு. வைரஸ் தன் மரபுருவை, அதாவது எழுத்து வரிசையாக இருக்கும் தன் முழு மரபுச் செய்தியை, படி எடுக்கும்போது இங்கே ஓர் எழுத்து, அங்கே ஓர் எழுத்து தவறிப்போவது. இது மெதுவாக நடக்கும், ஒவ்வோர் அடியாக. இன்னொன்று மறுசேர்க்கை. ஓலைச்சுவடியைப் பார்த்துப் படி எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் ஒரே நூலின் இரண்டு சுவடிகள் விரிந்திருக்கின்றன, பாடம் அங்கங்கே வேறு. ஒரு வரியை எழுதி நிமிர்ந்து மறுபடி பார்க்கும்போது கண் அடுத்த சுவடியில் அதே மாதிரியான வரியில் போய் விழுகிறது. அவர் கவனிக்காமல் அங்கிருந்தே தொடர்கிறார். கிடைக்கும் படியில் முன்பாதி ஒரு சுவடியுடையது, பின்பாதி இன்னொன்றுடையது. ஆர்என்ஏ வைரஸ்களில் படி எடுக்கும் நொதி கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது: பாதி வழியில் ஒரு அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்குத் தாவிவிடுகிறது. தாவர ஆர்என்ஏ வைரஸில் மறுசேர்க்கை நடப்பதற்கு முதல் நேரடிச் சோதனைச் சான்றை 1986இல் புஜார்ஸ்கி, கேஸ்பர்க் என்ற ஆய்வாளர்கள் பிரோம் மொசைக் வைரஸை வைத்துக் காட்டினார்கள்.

தக்காளி இலைச்சுருள் வைரஸ் டிஎன்ஏ வைரஸ். ஜெமினி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் 2,780 எழுத்துகள் கொண்ட ஒரு சிறிய வட்டம்தான் அதன் முழு மரபுரு. இங்கே வழி சற்று வேறு. படி எடுக்கும் வேலை நடுவில் தடைப்பட்டு, அரைகுறையாக நின்றுபோன டிஎன்ஏ இழை, தன்னைப் போன்ற எழுத்து வரிசை உள்ள இன்னொரு வட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டு அங்கிருந்து மீதியை முடித்துக்கொள்கிறது. அந்த இன்னொரு வட்டம் வேறொரு வைரஸுடையதாக இருந்தால், வருவது கலப்பு. ஜெமினி வைரஸ்கள் இதில் பேர்போனவை. ஓர் அடியில் சில நூறு எழுத்துகள் மொத்தமாக மாறிவிடும். பிறழ்வு மட்டும் இருந்தால் இந்த அளவு மாற்றத்துக்கு மிக நீண்ட காலம் ஆகியிருக்கும்.

இதே பேச்சில் மறுபங்கீடு என்று இன்னொன்றையும் சேர்த்துக் குழப்புவார்கள். வெள்ளரி தேமல் வைரஸ் போன்றவற்றின் மரபுரு தனித்தனித் துண்டுகளாக இருக்கும். இரண்டு திரிபுகள் சேரும்போது முழுத் துண்டே கைமாறிப் போகலாம். துண்டுக்குள் வெட்டும் ஒட்டும் இல்லை. நடைமுறையில் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு முன்நிபந்தனை உண்டு. இரண்டு வைரஸ்களும் ஒரே செடியில், அதுவும் ஒரே செல்லில், ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். ஒரு வயலில் இரண்டு வைரஸ் இருந்தால் போதாது. ஒரு செடியில் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், நீண்ட நாள் சேர்ந்திருந்தால் வாய்ப்பும் கூடும். தக்காளியில் இரண்டு இலைச்சுருள் வைரஸ்களைச் சேர்த்து ஏற்றி நடத்திய சோதனைகளில் சில மாதங்களுக்குள்ளேயே கலப்பு மரபுருக்கள் தாராளமாகக் கிடைத்திருக்கின்றன. அதாவது கலப்பு என்பது அரிதான விபத்து என்று நினைக்க வேண்டாம். இரட்டைத் தொற்று இருக்கும் செடியில் அது அன்றாடம் நடக்கிறது.

அப்படியானால் ஏன் தினம் ஒரு புதுநோய் வரவில்லை? பிறக்கும் கலப்புகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. வைரஸின் சில புரதங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்பவை. படி எடுப்பதைத் தொடங்கிவைக்கும் ரெப் புரதம், வட்டத்தில் தனக்கென்று உள்ள இடத்தை அடையாளம் கண்டு அங்கே உட்கார வேண்டும். ரெப் ஒரு வைரஸிலிருந்தும் அந்த இடம் இன்னொன்றிலிருந்தும் வந்தால் பல சமயம் படி எடுக்கும் வேலையே நின்றுவிடும். அதனால் இயற்கையில் நாம் காணும் கலப்புகளின் வெட்டிடங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதில்லை. படியெடுப்பு தொடங்கும் இடத்தைச் சுற்றி அதிகம், வைரஸின் வெளியுறையை உண்டாக்கும் உறைப்புரத மரபணுவுக்கு உள்ளே குறைவு. ஆக, கலப்பு பிறப்பதைவிட, பிறந்ததில் எது ஊட்டம் பெற்று வளர்கிறது என்பதுதான் விவசாயியைப் பாதிக்கும் கேள்வி. அந்த ஊட்டத்தைப் பெரும்பாலும் நாமே கொடுக்கிறோம்.

உகாண்டாவின் மரவள்ளிக் கதை இதற்கு நல்ல உதாரணம், சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் மரவள்ளிக்குத் தேமல் நோய் புதிதல்ல. மேற்கிலும் நடுப்பகுதியிலும் ஆப்பிரிக்க மரவள்ளி தேமல் வைரஸ், கிழக்கே கிழக்காப்பிரிக்க மரவள்ளி தேமல் வைரஸ் என்று இரண்டு தனித்தனி இனங்கள் இருந்து வந்தன. நோய் இருக்கும், விளைச்சல் குறையும், ஆனாலும் மக்கள் கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் உகாண்டாவில் நிலைமை தலைகீழானது. இலைகள் சிறுத்து, செடி குட்டையாகி, கிழங்கே பிடிக்காத அளவுக்குக் கடுமையான நோய் கிளம்பியது. அது ஆண்டுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் என்ற கணக்கில் தெற்கே நகர்ந்துகொண்டே போனது. பல மாவட்டங்களில் மக்கள் மரவள்ளியையே கைவிட்டார்கள், உணவுத் தட்டுப்பாடு வந்தது. பிறகு அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் பரவியது.

காரணம் 1997இல் தெரியவந்தது. அது ஒரு கலப்பு வைரஸ். மரபுருவின் பெரும்பகுதி கிழக்காப்பிரிக்க வைரஸுடையது, உறைப்புரத மரபணுவின் நடுப்பகுதி மட்டும் ஆப்பிரிக்க வைரஸிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தது. உறைப்புரத மரபணுவுக்குள் வெட்டு விழுவது குறைவு என்று இப்போதுதான் சொன்னேன், குறைவு, அவ்வளவுதான். இதோடு கதை முடியவில்லை. மிகக் கடுமையான செடிகளை எடுத்துப் பார்த்தபோது அவற்றில் கலப்பு வைரஸ் தனியாக இல்லை, பழைய ஆப்பிரிக்க வைரஸும் கூடவே இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. செடியின் தற்காப்பை ஒவ்வொன்றும் வேறு விதத்தில் அடக்குவதால் தனித்தனியாக இருப்பதைவிட அளவில் பெருகிவிடுகின்றன. பெருகினால், இந்த வைரஸ்களைச் செடிக்குச் செடி கடத்தும் வெள்ளை ஈக்கும் அதிகம் கிடைக்கும், அடுத்த செடிக்கும் இரண்டும் சேர்ந்தே போகும். மரவள்ளியைக் கரணை நட்டுப் பயிர் செய்வதால் நோயுற்ற தண்டே அடுத்த பருவத்தின் விதையாகவும் ஆகிவிட்டது. கலப்பு ஒரு முறை நடந்திருக்கலாம். அதைக் கொள்ளைநோயாக்கியது இரட்டைத் தொற்று, வெள்ளை ஈப் பெருக்கம், கரணை இந்த மூன்றும்தான்.

இனி உங்கள் ஆய்வகக் கேள்விக்கு வருகிறேன். உகாண்டா வைரஸிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. எதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் எலிசா போன்ற சோதனைகள் வைரஸின் உறைப்புரதத்தைத்தான் பார்க்கின்றன. உகாண்டாவின் கலப்பு வைரஸ் போட்டிருந்த உறையின் நடுப்பகுதி ஆப்பிரிக்க வைரஸுடையது. அதனால் சோதனையில் 'ஆப்பிரிக்க மரவள்ளி தேமல் வைரஸ்' என்றே விடை வந்தது. உள்ளே இருந்ததோ பெரும்பாலும் வேறொன்று.

உருளைக்கிழங்கில் இதே கண்ணாமூச்சி இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. உருளை ஒய் வைரஸுக்கு 'ஓ', 'என்' என்று இரண்டு பழைய திரிபுகள். எலிசாவில் இரண்டுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள் உண்டு. புகையிலைச் செடியில் ஏற்றினால் 'ஓ' வெறும் தேமல் காட்டும், 'என்' நரம்புகளைக் கருக்கிவிடும். பிறகு போலந்தில் வில்கா என்ற உருளை ரகத்தில் ஒன்று கிடைத்தது. எலிசா அதை 'ஓ' என்றது. புகையிலையில் ஏற்றினால் 'என்' போல நரம்பைக் கருக்கியது. நரம்பைக் கருக்கும் புரதத்தின் பகுதி 'என்' திரிபிலிருந்தும் உறை 'ஓ' திரிபிலிருந்தும் வந்திருந்தன. இதன் இன்னொரு உறவு 'என்டிஎன்'. 1980களின் தொடக்கத்தில் ஹங்கேரியில் தலைகாட்டி, கிழங்கின் தோலில் வளையம் வளையமாகக் கருகல் உண்டாக்கியது. இந்தக் கலப்புகளின் தந்திரம் என்னவென்றால் பல ரகங்களில் இலையில் அறிகுறி மிக லேசாகத்தான் தெரியும். விதைக்கிழங்கு வயலில் நோயுற்ற செடியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்குவது வழக்கம். 'ஓ' திரிபு பளிச்சென்று தெரிந்ததால் பிடுங்கப்பட்டது, கலப்பு மறைந்து தப்பியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இன்று பெரும்பாலும் கலப்புகளே காணப்படுகின்றன, பழைய 'ஓ' அருகிவிட்டது. கண்ணுக்குத் தெரிவதைப் பிடுங்கும் நல்ல பழக்கமே தெரியாததைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது என்று சொன்னால் தவறில்லை.

பிசிஆர் சோதனையும் இதிலிருந்து முழுக்க விதிவிலக்கல்ல. வழக்கமான பிசிஆர் மரபுருவின் ஒரு சிறு துண்டை மட்டுமே பெருக்கிப் பார்க்கிறது. அந்தத் துண்டு பழைய வைரஸுடையதாக இருந்தால் விடையும் பழைய வைரஸ்தான். உங்கள் ஆய்வகம் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான விடை தந்திருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

இப்போது எதிர்ப்பு ரகம். உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வருவது மொராக்கோவின் சூஸ் பகுதியில் நடந்தது. அங்கே தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸும், சார்டினியா இலைச்சுருள் வைரஸ் என்ற அதன் உறவும் இருந்தன. டிஒய்-1 என்ற மரபணு கொண்ட எதிர்ப்பு ரகங்கள் பரவலாக வந்த பிறகு, முன்பு கண்ணில் படாத ஒரு கலப்பு தலைதூக்கி இரண்டு தாய் வைரஸ்களையும் ஓரங்கட்டியது. அதில் கைமாறியது எவ்வளவு தெரியுமா? வெறும் 76 எழுத்துகள். எதிர்ப்பு இல்லாத தக்காளியில் இந்தக் கலப்புக்கு அப்படியொன்றும் பெரிய அனுகூலம் தெரியவில்லை. டிஒய்-1 செடியில் மட்டும் அது தாய் வைரஸ்களைவிட நன்றாகப் பெருகியது. எதிர்ப்பு ரகம் கலப்பை உருவாக்கவில்லை. அது முன்பும் அவ்வப்போது பிறந்து செத்துக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லா வயலிலும் ஒரே மரபணு வந்ததும் அதற்கு யோகம் அடித்தது.

பாகிஸ்தானின் பருத்தி இலைச்சுருள் இதைவிடக் கசப்பான கதை. 1990களின் தொடக்கத்தில் முல்தான் பகுதியில் கொள்ளைநோயாகக் கிளம்பியது. ஒரே பருத்திச் செடியில் பல வைரஸ் இனங்கள் சேர்ந்திருந்தன. 1990களின் பிற்பகுதியில் எதிர்ப்பு ரகங்கள் வந்ததும் நிம்மதி. 2001இல் பூரேவாலா என்ற இடத்தில் அந்த எதிர்ப்பு ரகங்களிலேயே நோய் வந்தது. காரணமான வைரஸ், முன்பிருந்த கொக்ரான், முல்தான் என்ற இரண்டு வைரஸ்களின் கலப்பு. அதன் சி2 என்ற ஒரு மரபணு பெரும்பகுதி துண்டாகிப் போயிருந்தது. பொதுவாக வைரஸுக்கு மிகத் தேவையானது என்று கருதப்பட்ட மரபணு அது. தன் உடைமையில் ஒன்றை இழந்துதான் எதிர்ப்பைத் தாண்டியிருக்கிறது. பிறகு சில ஆண்டுகளுக்கு எதிர்ப்பு ரகங்களில் அது ஒன்றுதான் கிடைத்தது.

ஸ்பெயினின் தெற்கே மலாகாவில் இரண்டு தக்காளி வைரஸ்கள் கலந்து மூன்றாவது பிறந்ததையும், அவற்றின் இரட்டைத் தொற்று மணத்தக்காளி இனத்துக் களையான சோலானம் நைக்ரத்திலும் காணப்பட்டதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். களை பற்றிப் பின்னால் பேசும்போது உதவும்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் வயலில் இதுதான் நடந்தது என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். எதிர்ப்பு ரகம் சறுக்குவதற்குக் கலப்பைவிடச் சாதாரணமான காரணங்கள் உண்டு, அவற்றை முதலில் கழித்துப் பார்க்க வேண்டும். டிஒய்-1 செடி வைரஸை முற்றாக விரட்டுவதில்லை. செடி வைரஸின் டிஎன்ஏவை அமைதியாக்கும், அதாவது செயல்படவிடாமல் அடக்கும், தற்காப்பைக் கூட்டி, அளவைக் குறைத்து வைக்கிறது. வைரஸ் உள்ளேதான் இருக்கும், அறிகுறி இல்லாமல். அதே செடியில் அசுவினி வழியாக வெள்ளரி தேமல் வைரஸும் ஏறிவிட்டால், அந்த வைரஸ் செடியின் அமைதியாக்கும் தற்காப்பையே குலைத்துவிடும், டிஒய்-1 பலவீனமாகிவிடும். இது சோதனையில் காட்டப்பட்ட விஷயம். இன்னொன்று பீட்டாசாட்டிலைட் என்ற சின்ன டிஎன்ஏ வட்டம், சுமார் 1,350 எழுத்துகள். தனியாக வாழாது, இலைச்சுருள் வைரஸோடு ஒட்டிக்கொண்டு வரும். அது சேர்ந்தாலும் டிஒய்-1 தளர்ந்துபோகும். இரண்டிலும் வைரஸ் புதிதாக மாறவே இல்லை, கூட்டாளிதான் புதிது. நாற்றங்காலிலேயே இளம் நாற்றுக்குத் தொற்று ஏறியிருந்தாலும் எதிர்ப்பு ரகம் அறிகுறி காட்டலாம்.

வேறு மரபணுக்கள் கொண்ட ரகங்களும் உண்டு. டிஒய்-2 என்பது வைரஸின் ரெப் புரதத்தை அடையாளம் கண்டு தற்காப்பை முடுக்கிவிடும் வகை. ரெப் மரபணு தொடங்கும் பகுதியும் அதை ஒட்டிய இடமும்தான் மறுசேர்க்கை அதிகம் நடக்கும் இடங்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், டிஒய்-2ஐ மட்டும் நம்பியிருப்பது எனக்கு உவப்பில்லை. உங்கள் ரகத்தில் எந்த மரபணு இருக்கிறது என்று விதை விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'எதிர்ப்புத்திறன் உள்ளது' என்ற அட்டைவரி மட்டும் போதாது.

சரி, என்ன செய்வது? முதல் வேலை, மறுபடியும் மாதிரி எடுப்பது, இந்த முறை வேறு விதமாக. எதிர்ப்பு ரகத்தில் கடுமையான செடி, லேசான செடி, நலமாகத் தெரியும் செடி. எதிர்ப்பில்லா ரகத்தில் நோயுற்ற செடி. ஓரத்துப் பழைய செடி. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செடிகள், நுனி இளம் இலைகள், தனித்தனி உறைகளில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் கலப்பு வைரஸா, இரட்டைத் தொற்றா என்று பிரிக்கவே முடியாமல் போகும். ஆய்வகத்திடம் 'இலைச்சுருள் வைரஸ் இருக்கிறதா' என்று கேட்க வேண்டாம். முழு மரபுருவையும் படிக்க முடியுமா, முடியாவிட்டால் மரபுருவின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு துண்டுகளையாவது படித்து ஒப்பிட முடியுமா, பீட்டாசாட்டிலைட், வெள்ளரி தேமல் வைரஸ் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வட்ட டிஎன்ஏ முழுவதையும் பெருக்கும் முறை இருப்பதால் ஜெமினி வைரஸில் இது ஒன்றும் அசாத்தியமான வேலை இல்லை. எதிர்ப்பு ரகத்தின் கடுமையான செடிகளில் மட்டும் ஒரு கலப்பு திரும்பத் திரும்ப வந்து, எதிர்ப்பில்லாத ரகத்தில் பழைய வைரஸே இருந்தால், உங்கள் உறவினர் சொன்னது உண்மைக்கு அருகில் வருகிறது. கலப்பு எல்லாச் செடியிலும், நலமானதிலும்கூட இருந்தால், நோய்க்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓரத்துப் பழைய செடிகளை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அந்தச் செடிகள் மாதக்கணக்கில் நின்றவை, பல தலைமுறை வெள்ளை ஈக்கள் உறிஞ்சிப் போனவை. இரண்டு வைரஸ் சேர்ந்திருக்க வாய்ப்புள்ள செடி உங்கள் நிலத்தில் எது என்று கேட்டால் நான் அவற்றைத்தான் காட்டுவேன். பிடுங்கிப் போட்டு அப்படியே விட்டால் வெள்ளை ஈ புதுச் செடிக்குப் பறந்துவிடும். முதலில் ஈயைக் கட்டுப்படுத்திவிட்டு, பிறகு செடியை மூடிய பையில் போட்டு வெளியேற்றுங்கள். வயலோரத்துக் களைகளிலும், குறிப்பாகக் கத்தரி, தக்காளிக் குடும்பத்துக் களைகளில், இதே கண்டிப்பு வேண்டும்.

எதிர்ப்பு உள்ள ரகமும் இல்லாத ரகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. எதிர்ப்பில்லாத செடியில் பழைய வைரஸுக்கும் இடம் கிடைப்பதால் கலப்பு ஒன்றே தேறி வருவதற்கான அழுத்தம் குறையும் என்று கோட்பாட்டில் வாதிடலாம். நடைமுறையில், எதிர்ப்பில்லாத செடி வைரஸை ஏராளமாகப் பெருக்கி வெள்ளை ஈக்குக் கொடுக்கிறது. எதிர்ப்புச் செடிகள் மேல் தொற்று மழையாகப் பெய்கிறது. ஒரு சிறு நிலத்தில் நான் தீமையைத்தான் பெரிதாகப் பார்ப்பேன். எதிர்ப்பில்லாத ரகத்தைத் தள்ளி, வேறு நேரத்தில் நடுங்கள்.

பயிருக்கும் பயிருக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள். ஓர் உதாரணம்: டொமினிகன் குடியரசில் 1990களில் தக்காளி மஞ்சள் இலைச்சுருள் கடுமையானபோது, வெள்ளை ஈக்குப் பிடித்த பயிர் எதுவும் மூன்று மாதம் நிலத்தில் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள், தொழில் மீண்டது. தனியாளாக நீங்கள் அதைச் செய்தால் பலன் பாதிதான், அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தால்தான் முழுப்பலன். ஆனாலும் உங்கள் நிலத்தில் மட்டும் இடைவெளி விடுவதே ஓரத்துச் செடிப் பழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரும். நாற்றங்காலை நுண்கண் வலைக்குள் வைப்பதும் தவறவிடக்கூடாதது.

மருந்தை இரட்டிப்பாக அடிப்பது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை, அடிப்பது ஈக்குத்தான். வைரஸ் ஏறிய ஈ ஒரு செடியில் கால் மணி முதல் அரை மணி நேரம் உறிஞ்சினாலே கடத்திவிடும், பல மருந்துகள் அதற்குள் அதைக் கொல்வதில்லை. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அதிகமாக அடித்தால் மருந்துக்கு மசியாத ஈக்கள் மட்டும் மிஞ்சும். வெள்ளை ஈயில் அப்படிப்பட்ட கூட்டங்கள் உலகின் பல பகுதிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. சிபாரிசு செய்த அளவு, மருந்துக் குழுவை மாற்றி மாற்றி, ஈ குறைவாக இருக்கும் ஆரம்ப நாட்களில். அவ்வளவுதான்.

மரபணு மாற்றுப் பயிர் பற்றி: கேள்வி வெற்றுப் பயத்தில் பிறந்ததல்ல. 1994இல் கிரீன், ஆலிசன் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தட்டைப்பயறு வைரஸ் ஒன்றின் உறைப்புரத மரபணுத் துண்டைச் செடியில் வைத்தார்கள். அதே மரபணுவில் ஒரு பகுதி இல்லாத ஊனமான வைரஸை அந்தச் செடிகளில் ஏற்றியபோது, 125 செடிகளில் 4இல் வைரஸ் செடியிடமிருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு முழுமையாகிவிட்டது. ஆக, முடியும். ஆனால் அங்கே வைரஸுக்கு அந்தத் துண்டு இல்லாவிட்டால் வாழ்வே இல்லை என்ற நிலை வேண்டுமென்றே உருவாக்கப்பட்டிருந்தது. வயலில் இரண்டு முழு வைரஸ்கள் சேர்ந்திருக்கும் செடியில் கலப்புக்கான வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு. உகாண்டா நோய் கிளம்பியதும், உருளையின் 'என்டிஎன்' தலைகாட்டியதும் மரபணு மாற்றுப் பயிர்கள் சந்தைக்கு வருவதற்கு முன்பு. அவற்றுக்குத் தேவைப்பட்டது இரட்டைத் தொற்று மட்டும்தான்.

ரகத்தைக் கைவிட வேண்டுமா? இப்போதைக்கு இல்லை. எதிர்ப்பு தளர்ந்திருந்தாலும் பல சமயம் எதிர்ப்பே இல்லாததைவிட மேல். அடுத்த பருவத்துக்கு டிஒய்-1 அல்லது அதன் நெருங்கிய உறவான டிஒய்-3ஓடு, டிஒய்-2 அல்லது டிஒய்-5 என்ற இன்னோர் எதிர்ப்பு மரபணு சேர்ந்த ரகம் கிடைத்தால் ஒரு பகுதியில் நட்டுப் பாருங்கள். இரண்டு வேறு விதமான தற்காப்புகளை ஒரே கலப்பில் தாண்டுவது வைரஸுக்குக் கடினம். தாண்டவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன்.

விதை எடுப்பதை வைரஸ் பயத்தால் நான் தடுக்கவில்லை. இந்த நோய் பரவுவது முக்கியமாக வெள்ளை ஈயால்தான். தடுப்பது வேறு காரணத்தால். சந்தையில் உள்ள எதிர்ப்பு ரகங்கள் பெரும்பாலும் வீரிய ஒட்டு. டிஒய்-1 பெற்றோரில் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்திருந்தால், ஒட்டுச் செடியில் எடுத்த விதையில் ஏறத்தாழ கால் பங்கு செடிகளுக்கு அந்த மரபணுவே இருக்காது. அவை எதிர்ப்பில்லாத ரகம் போலவே சுருளும், நடுநடுவே நலமான செடிகள் நிற்கும். நீங்கள் 'பல செடிகளில்' என்று எழுதியிருக்கிறீர்கள், 'எல்லாவற்றிலும்' என்று எழுதவில்லை. இந்தப் பருவத்து நாற்று வாங்கிய விதையிலிருந்து வந்ததா, போன பயிரில் நீங்களே எடுத்த விதையிலிருந்தா என்பதை அடுத்த கடிதத்தில் குறிப்பிடுங்கள். சொந்த விதை என்றால், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் செலவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.